உதடு எதையும் இழுப்பதில்லை: தவளைக் கரு நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

தவளைக் கருவில் வெளிச்செல்கள் உள்ளே நகர்ந்து அடுக்குகளாகும் கட்டம் காஸ்ட்ருலா; அவை உள்ளே போகும் கருத்துளையின் விளிம்புதான் உதடு. அந்த உதடுதான் மற்றதை உள்ளே இழுக்கிறதா என்று பார்க்க நாளை காலைக்கு முட்டை வேண்டும். ஆப்பிரிக்க நகத் தவளை, அதாவது ஜெனோபஸ் லேவிஸ், பெண் இரண்டு. மாலை ஏழு மணிக்கு ஆளுக்கு 600 யூனிட் ஹெச்சிஜி (முட்டையிடத் தூண்டும் ஹார்மோன்), முதுகுத் தோலுக்கு அடியில் இருக்கும் நிணநீர்ப் பையில். 18 டிகிரி அறையில் 12 முதல் 16 மணி நேரத்தில் முட்டை இட ஆரம்பிக்கும். இரண்டு தவளையின் முட்டைகளையும் ஒரே தட்டில் கலக்கக் கூடாது. தாய்க்குத் தாய் முட்டையின் தரம் மாறும். ஒப்பிடுவதெல்லாம் ஒரு தாயின் முட்டைகளுக்குள்ளேதான்.

கரைசல்களை இன்றே கலந்து வைத்தாயிற்று. முழுச் செறிவு எம்எம்ஆர் (கருவை வைக்கும் உப்புக்கரைசல்): சோடியம் குளோரைடு 100 மில்லிமோலார், பொட்டாசியம் குளோரைடு 2, மெக்னீசியம் சல்பேட் 1, கால்சியம் குளோரைடு 2, ஹெப்பிஸ் 5, பிஹெச் 7.8. கரு வளர்வது இதில் பத்தில் ஒரு பங்குச் செறிவில். கூடவே மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் ஜென்டாமைசின், கிருமி வளராமல் இருக்க. முட்டையின் ஜெல்லியைக் கரைக்கும் சிஸ்டீன் 2 சதவீதக் கரைசலை மட்டும் நாளை காலை புதிதாகக் கலக்க வேண்டும். நேற்று வைத்த சிஸ்டீன் காற்றுப்பட்டுச் செத்திருக்கும்.

மார்ச் 4, செவ்வாய்

காலை 8:00. உலர்ந்த தட்டில் முட்டையைப் பிழிந்து, விந்தகத்தின் ஒரு துண்டை நசுக்கி மேலே தடவி, நாலு நிமிடம் விட்டு, பிறகு பத்தில் ஒரு பங்கு எம்எம்ஆரால் மூழ்கடித்தல். இந்த வரிசை மாறக் கூடாது. முழு உப்பில் விந்தணு அசையாமல் கிடக்கும். நீர்த்த கரைசல் பட்டதும் விழிக்கும், ஆனால் சில நிமிடங்களுக்குமேல் தாங்காது. முதலிலேயே நீரை ஊற்றினால் விந்தணு ஓய்ந்துவிடும், முட்டையின் ஜெல்லியும் ஊறித் தடித்துவிடும்.

இருபது நிமிடத்தில் கறுத்த பாதி எல்லா முட்டையிலும் மேலே திரும்பியிருந்தால் கருவுற்றது என்று கொள்ளலாம். 8:40க்கு சிஸ்டீன், பிஹெச் 7.9. நாலு நிமிடத்தில் ஜெல்லி கரைந்து முட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கிப் படியும். அந்த நெருக்கம்தான் அடையாளம், கடிகாரம் அல்ல. படிந்தவுடன் ஐந்து முறை கழுவ வேண்டும். இன்னும் இரண்டு நிமிடம் என்று விட்டால் அந்தக் கேடு இப்போது தெரியாது. நாளைக்கு காஸ்ட்ருலா நிலையில் தெரியும், அப்போது பழி வேறெதன்மேலோ விழும்.

கணக்கு: 23 டிகிரியில் முதல் பிளவு ஒன்றரை மணியில், பிறகு அரை மணிக்கு ஒன்று. கருவின் வளர்ச்சியை எண்ணிட்ட நிலைகளாகச் சொல்வது வழக்கம். நிலை 10, அதாவது உதடு முதலில் தெரியும் நேரம், கருவுற்ற 9 மணி நேரத்தில். நிலை 10.5 பதினோரு மணியில், நிலை 12.5 பதினாலே கால் மணியில். எட்டு மணிக்குக் கருவுற்றது மாலை ஐந்துக்கு உதடு காட்டும், வேலை முடிய இரவு பத்தரை. ஆகவே பாதியை 16 டிகிரியில் வைத்தாயிற்று. அங்கே எல்லாம் ஏறத்தாழ இருமடங்கு மெதுவாக நடக்கும், நாளைக் காலை கைக்கு வரும். 24 டிகிரிக்குமேல் ஏற விடக் கூடாது. பிளவு ஒழுங்காகவே நடப்பதுபோல் இருந்து, உள்ளே நகரும் கட்டத்தில் கரு குலையும்.

மார்ச் 5, புதன்

நிலை 9 வரை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். நடப்பது கூரையில். கருக்குழியின், அதாவது கருவின் மேல்பாதியில் உள்ள உட்குழிவின், கூரையில் பல அடுக்காக இருக்கும் ஆழ்ந்த செல்கள் ஒன்றினூடே ஒன்று செங்குத்தாக நுழைந்து அடுக்கு குறைகிறது. குறையும் அளவுக்குக் கூரை அகன்று கீழே இறங்குகிறது. பக்கவாட்டு நுழைவு என்று வேறொன்று பின்னால் வரும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் பாதித் தவறு வருகிறது.

நிலை 10ல் முதுகுப்புறம், கருவின் குறுக்கு நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு கறுப்புக் கோடு. அதுதான் உதடு. அந்த நிறம் புதிதாக உண்டானதல்ல. உதட்டில் இருக்கும் குடுவை வடிவச் செல்கள், அதாவது குடுவைச் செல்கள், தம் வெளிமுனையைச் சுருக்கிக்கொள்ளும்போது அங்கே இருந்த நிறமி சின்ன இடத்தில் நெருங்குவதால் கறுக்கிறது. கோடு 10.5ல் பிறையாகும், 11ல் லாடமாகும், 11.5ல் வட்டம் முடிந்து நடுவே வெள்ளையாக மஞ்சள்கரு அடைப்பு நிற்கும், 13ல் வெறும் கீற்று. நிலையை முட்டையின் வயதால் சொல்லாமல் இந்த வடிவத்தால் சொல்வதே நம்பகம்.

செல்கள் எங்கே போகின்றன என்று பார்க்க நைல் ப்ளூ சாயத்தால் அடையாளம் இட்டாயிற்று. முறை வால்டர் ஃபோக்டுடையது, 1925. சாயத்தில் ஊறிய அகர் துண்டைக் கருவின்மேல் சில நிமிடம் அழுத்தி எடுத்தால் அந்தச் செல்கள் நீலமாகும், கூடவே நகரும். 1929ல் வாலுள்ள இருவாழ்விகளின் கருவுக்கு அவர் வரைந்த விதி வரைபடத்துக்கு (எந்தப் பகுதி பின்னால் எதுவாகும் என்ற படம்) அடிப்படை இதுதான். அல்பினோக் கருவில் செய்தால் கண்ணுக்குத் தெரியும். கறுத்த முட்டையில் நீலம் தேடுவது இருட்டில் கறுப்புப் பூனை தேடுவதுதான்.

சாயம் சொல்வது மேற்பரப்பை மட்டும் என்பதை மறக்கக் கூடாது. ரே கெல்லர் 1975ல் மேல் அடுக்கையும் 1976ல் ஆழ்ந்த அடுக்கையும் தனித்தனியாக அடையாளமிட்டது அதனால்தான். ஜெனோபஸில் நடுப்படை (தசை, முதுகுநாண் போன்றவையாகும் அடுக்கு) ஆவது பெரும்பாலும் ஆழத்தில் இருக்கும் செல்கள்; மேலே தெரியும் ஓரம் அகப்படையாகிக் குடல்குழியின் மேல் உறையாகிறது. வாலுள்ள இனங்களிலோ மேற்பரப்பிலிருந்தே நடுப்படைக்குச் செல்லும் பங்கு அதிகம். ஃபோக்டின் படத்தை அப்படியே தவளைமேல் வைத்துப் படித்தால் தடம் தவறும்.

மார்ச் 6, வியாழன்

ஒரு தட்டு பாழ். நேற்று முழு உப்பில் வைத்த தட்டு. வைட்டலின் உறையை, அதாவது கருவைச் சுற்றிய மெல்லிய சவ்வை, நீக்கியபின் மாற்றவில்லை. உள்ளே போக வேண்டிய நடுப்படையும் அகப்படையும் வெளியே பிதுங்கி, இரண்டு உருண்டையை ஒட்டியது போல நிற்கின்றன. காலியான புறப்படை (வெளி அடுக்கு) ஒருபக்கம் சுருங்கிய பை. இது எக்ஸோகாஸ்ட்ருலா. 1933ல் யோஹன்னெஸ் ஹோல்ட்ஃப்ரெட்டர் ஆக்ஸலாட்டல் கருவில் வேண்டுமென்றே செய்து காட்டியது.

காயம் ஆற உப்பு வேண்டும், உள்ளே போக உப்புக் குறைய வேண்டும். ஆகவே நுண் அறுவை முடிந்து சற்று ஆறியதும் பத்தில் ஒரு பங்குக்கு மாற்று. நிலை 10ஐத் தாண்ட விடாதே.

மார்ச் 7, வெள்ளி

குடுவைச் செல்கள் உள்ளே இழுக்கின்றனவா? ஹோல்ட்ஃப்ரெட்டர் அவை முன்னே நுழைந்து மற்றதை இழுத்துச் செல்வதாகக் கருதினார். 1981ல் கெல்லர் அவற்றை வெட்டியே எடுத்துவிட்டார். கரு அதன்பிறகும் உள்ளே உருண்டது, கருத்துளை மூடியது. குடல்குழியின் விளிம்பு மட்டும் குறுகியது. குடுவைச் செல்கள் விளிம்பை உள்நோக்கித் திருப்பிவிடுகின்றன, அவ்வளவே. பிறகு விரிந்து குடல்குழியின் சுவரோடு சேர்ந்துவிடும். வேலை முழுக்க உள்ளே இருக்கும் ஓரவளையத்தினுடையது, அதாவது உதட்டை ஒட்டிக் கருவைச் சுற்றியிருக்கும் திசுப்பட்டையினுடையது. அதை நிரூபிக்க அந்த ஓரவளையத்தைக் கருவிலிருந்து பிரித்துத் தனியே வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்குத்தான் சாண்ட்விச், இரண்டு கருக்களின் துண்டுகளை முகத்தோடு முகம் ஒட்டுவது. செய்முறை. நேரம் நிலை 10 தொடங்கி 10க்குச் சற்றுமேல் வரை மட்டும். கருவிகள்: நன்றாகத் தீட்டிய 5ஆம் எண் ஃபோர்செப்ஸ் இரண்டு, கண்ணாடிக் குழாயில் ஒட்டிய புருவமுடிக் கத்தி, முடி வளையம். தட்டின் அடியில் 1 சதவீத அகரோஸ். உறை நீக்கிய கரு வெறும் பிளாஸ்டிக்கில் ஒட்டிக் கிழியும். கரைசல் டானில்சிக்: சோடியம் குளோரைடு 53 மில்லிமோலார், சோடியம் கார்பனேட் 5, பொட்டாசியம் குளுக்கோனேட் 4.5, சோடியம் குளுக்கோனேட் 32, கால்சியமும் மெக்னீசியமும் தலா 1, 0.1 சதவீத பிஎஸ்ஏ, பைசினால் பிஹெச் 8.3. கருக்குழியின் உள்ளே இருக்கும் திரவத்தை ஒத்தது. அதில் கால்சியம் குறைந்தால் செல்கள் மணலாகப் பிரியும்.

வெட்டு: உறையை வயிற்றுப் பக்கம் பிடித்துக் கிழி, முதுகுப்புறம் தொடாதே. உதட்டுக்கு இருபுறமும் சுமார் 45 டிகிரி தள்ளி, கீழிருந்து விலங்கு முனைவரை (கறுத்த மேல்முனை) இரண்டு வெட்டு. மேலே ஒரு குறுக்கு வெட்டு, துண்டைப் புத்தகத்தின் பக்கம்போலத் திருப்பு. உள்பக்கம் ஒட்டியிருக்கும் தலை நடுப்படையை முடி வளையத்தால் வழித்தெடு, கடைசியில் குடுவைச் செல்கள் இருக்கும் விளிம்பை வெட்டு. இன்னொரு கருவிலிருந்து இதே துண்டு. உள்முகம் உள்முகத்தோடு, உதடு உதட்டோடு பொருத்தி, உடைத்த கவர்ஸ்லிப் துண்டை இரு நுனியிலும் சிலிக்கான் கிரீஸ் தடவி மேலே பாலம்போல வை. துண்டு நசுங்கக் கூடாது, சுருளவும் கூடாது.

கெடும் விதங்கள்: 9ல் வெட்டினால் சுற்றி மூடிப் பந்தாகிவிடும். 10.5க்குப் பிறகு வெட்டினால் நடுப்படை ஏற்கனவே கூரைக்கு அடியில் போயிருக்கும், ஒரு துண்டில் இரண்டு அடுக்கு வரும், எது எது என்று தெரியாது. பாலம் இறுக்கமானால் நீள இடமில்லை. தளர்ந்தால் ஓரம் சுருண்டு, நீளும் திசை வளைந்துவிடும். அருகில் வெட்டாத சகோதரக் கரு குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், துண்டின் நிலையைச் சொல்லும் கடிகாரம் அதுவே.

மார்ச் 8, சனி

சகோதரக் கரு 11 வரும்போது துண்டின் இடை குறுகத் தொடங்கியது, 12.5க்குள் விரல்போல நீண்டது. பிடிக்க ஒட்டுதளமில்லை, இழுக்கக் குடுவைச் செல்லில்லை, தள்ளக் கூரையில்லை. ஆகவே நீள்வதற்கான விசை துண்டுக்குள்ளேயே. உதட்டுப் பக்கம் முதுகுநாணும் தசைக்கண்டமும் ஆகும் பகுதி ஒன்று, அதற்கு மேலே பின் நரம்புத்தண்டாகும் பகுதி இன்னொன்று. இரண்டும் தனித்தனியே குறுகி நீள்கின்றன.

செல் அளவில் பார்க்கத் திறந்தமுகத் துண்டு: ஒற்றை அடுக்கு, ஆழ்முகம் கீழே, ஃபைப்ரோனெக்டின் (செல்கள் பற்றிக்கொள்ளும் புரதம்) பூசிய கண்ணாடியில். நாலு செல் நிலையில் முதுகுப்புறச் செல் இரண்டிலும் சவ்வு ஜிஎஃப்பி எம்ஆர்என்ஏ ஊசி, செல்லின் சவ்வு ஒளிர. நிறம் வெளுத்து சற்றே சின்னதாக இருப்பவை முதுகுப்புறத்தவை. ஊசி 4 சதவீத ஃபைக்காலில், இல்லையேல் துளை வழியே மஞ்சள்கரு வடியும். படம் நிமிடத்துக்கு ஒன்று. ஒளி கூடினால் செல்கள் குமிழ்விட்டு உருண்டுவிடும். பத்து படம் குறைந்தாலும் பாதகமில்லை.

முதலில் ஒவ்வொரு செல்லும் எல்லாத் திசையிலும் கால் நீட்டிச் சுருக்குகிறது, எங்கும் போகாமல். 10.5ஐ ஒட்டி அது இரண்டு பக்கம் மட்டும் என்றாகிறது: இடம், வலம். செல் அந்த அச்சில் நீண்டு, அக்கம்பக்கச் செல்களைப் பற்றித் தன் பக்கம் இழுக்கிறது; எல்லாம் ஒரே நேரம் இழுப்பதால் செல்கள் ஒன்றுக்கிடையே ஒன்று நுழைகின்றன. இரண்டு வரிசை ஒன்றானால் வரிசை நீளத்தானே செய்யும். நீளும் திசைக்கு எந்தச் செல்லும் தவழவில்லை என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் மனசு நம்புகிறது. ஷீயும் கெல்லரும் 1992ல் வர்ணித்தது இது. முதுகுநாணின் எல்லை உருவானதும், அந்த எல்லையைத் தொடும் செல்லின் அந்தப்பக்கக் கால் ஓய்ந்துவிடுகிறது. ஒட்டியது ஒட்டியதுதான், மீண்டும் உள்ளே வருவதில்லை.

மார்ச் 10, திங்கள்

தலை நடுப்படை வேறு ரகம். இது உண்மையிலேயே தவழ்கிறது, கூரையின் உள்முகத்தைப் பற்றி விலங்கு முனை நோக்கி. நாகட்சுஜியும் ஜான்சனும் 1983ல் ஆம்பிஸ்டோமா என்ற சாலமாண்டரில் காட்டிய சோதனை எளிது: கூரைத் துண்டின் உள்முகத்தைத் தட்டின்மேல் சில மணி நேரம் ஒட்டவைத்து எடுத்துவிடு, அது விட்டுப்போன இழைப்பூச்சின்மேல் நடுப்படைச் செல்கள் திசையோடு போகும். இழை பெரும்பாலும் ஃபைப்ரோனெக்டின். 1984ல் பூக்கோவும் சகாக்களும் ப்ளூரோடெலஸ் என்ற நியூட்டின் கருக்குழிக்குள் ஃபைப்ரோனெக்டின் எதிர்ப்பொருள் செலுத்தியபோது உள்நகர்வு நின்றது. ஜெனோபஸில் அதே தடை உதட்டின் உருள்வை அவ்வளவு நிறுத்துவதில்லை. கூரை மெலிவதும் தலை நடுப்படையின் பயணமும்தான் அடிவாங்கும். இனம் சொல்லாமல் “ஃபைப்ரோனெக்டின் இல்லாமல் காஸ்ட்ருலா இல்லை” என்று எழுதுவது தவறு.

மார்ச் 12, புதன்

பதிவேட்டில் “கருத்துளை மூடவில்லை” என்று ஒற்றை வரி எழுதும் பழக்கம் ஒழிய வேண்டும். செல்லுக்குத் திசை சொல்லும் டிஷெவெல்டு புரதத்தின் குறைவடிவமான எக்ஸ்டிடி1ஐ முதுகுப்புறம் செலுத்திய கருக்களில் கருத்துளை தாமதித்து, உடல் குட்டையாகி, முதுகு வளைந்தது. வாலிங்ஃபோர்டும் சகாக்களும் 2000ல் காட்டியபடி செல்கள் கால் நீட்டத்தான் செய்கின்றன. இட வலமாக நிலைத்து நீட்டுவதில்லை. அதே வெளித்தோற்றம் சிஸ்டீன் கூடினாலும் வரும், 26 டிகிரியிலும் வரும்.

எனவே ஒவ்வொரு தொகுதிக்கும் நாலு பார்வை. சவ்வு ஜிஎஃப்பி மட்டும் செலுத்திய கரு இயல்பாக மூடியதா. நடுப்படையின் அடையாள மரபணுக்களான கூஸ்காய்டு, பிராக்கியூரி, கார்டின் சாயமேற்றல் இடத்தில் இருக்கிறதா. இல்லையென்றால் அது நகர்வுக் குறை அல்ல, திசு வேறாகிவிட்ட குறை. சாண்ட்விச் நீள்கிறதா. ஆக்டிவின் (நடுப்படையைத் தூண்டும் புரதம்) போட்ட விலங்குமுனைத் தொப்பி, அதாவது மேல்முனையில் வெட்டிய கூரைத் துண்டு, நீள்கிறதா. ஆக்டிவின் இல்லாத தொப்பி பந்தாகவே இருக்க வேண்டும், அதுவும் நீண்டால் வெட்டும்போது ஓரவளையம் ஒட்டி வந்திருக்கிறது.

இன்றைய தொகுதியில் முதலிரண்டும் சரி, சாண்ட்விச் நீளவில்லை. தொப்பி நாளை காலை நிலை 8ல் வெட்ட வேண்டும். கருக்கள் 16 டிகிரியில்.