முடித்த கணக்கு

காரைக்குடியில் வைத்திருந்த சேமிப்புக் கணக்கை 2022இல் முடித்துவிட்டேன். இப்போது வருமான வரிக்கு அந்த ஆண்டின் வரவு செலவு விவரம் வேண்டும். "முடித்த கணக்கெல்லாம் கணினியில் வராது சார்" என்று கவுன்ட்டரில் ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து இரண்டாம் கட்டில் தகரப் பெட்டியைக் குடைந்தேன். பாஸ்புக் கிடைத்தது. அச்சு வெளிறி, 3 எது, 8 எது என்று ஆத்தாவின் கண்ணாடியை வாங்கிப் பார்த்தும் தெரியவில்லை. அதே பெட்டியில் பாட்டையா பர்மாவில் கொண்டுவிற்ற காலத்துப் பேரேடு. மை நேற்று எழுதியதுபோல் இருக்கிறது!

பரிமாற்ற ஆவணங்களை, நடந்த நாளிலிருந்து 5 ஆண்டு வங்கி வைத்திருக்க வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டுப் பணமோசடித் தடுப்புச் சட்டம். கணக்கை முடித்ததால் அது மாறாது. இதைச் சொல்லி, கணக்கு எண், பான் எண், வேண்டிய தேதிகள் எல்லாம் குறித்துப் புகாராகவே மேலாளரிடம் கொடுத்தேன். நகலில் முத்திரை வாங்க மறக்கவில்லை. 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக அந்த முத்திரைதான் துணை.

ஐந்தாம் நாள், கட்டணம் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளச் சொல்லி போன். கணினியில் வராத கணக்கு 14 பக்கம் வந்திருக்கிறது.