மூன்றாவது அடியோடு நின்ற மணி

செட்டிநாட்டுக்கு வீடு பார்க்கத்தான் போனேன். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பர்மா தேக்குத் தூண், ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலும் வைத்த வளவு வீடுகள். இதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். கானாடுகாத்தானில் ஒரு நாள் முழுக்கப் படம் பிடித்தேன். அது வேறு கதை.

பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து காரைக்குடியில் இறங்கியபோது இரவு பத்தரை தாண்டிவிட்டது. மறுநாள் முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் திரிந்தேன். ஸ்வீடன் எனாமல் தூக்குகள், ரசம் போன கண்ணாடிகள், யாருடைய பாட்டனோ தெரியாத படங்கள். ஒரு கடையில் மூலையில் நாலைந்து மணிகள் கிடந்தன. பள்ளிக்கூட மணி, மாட்டு மணி, கப்பல் மணி என்று சொல்லி விற்கிற ஏதோ ஒன்று. கோயில் மணி இருக்கிறதா என்று கேட்டேன். "அது வந்தா நாங்க எடுக்குறதில்ல சார். வித்தவனுக்கும் தூக்கம் வராது, வாங்குனவனுக்கும் வராது" என்றார் கடைக்காரர். வியாபாரப் பேச்சு என்றுதான் அப்போது நினைத்தேன்.

சங்கீதம் என்றால் காரைக்குடிக்கு வீணைதான். காரைக்குடி சகோதரர்களில் அண்ணன் சுப்பராமய்யர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார், தம்பி சாம்பசிவய்யர் எல்லாரையும் போலக் கிடத்தி வாசிப்பார். அந்த நினைப்பில் நான் சுற்றிக்கொண்டிருந்தபோது தேவகோட்டைப் பக்கத்து நண்பர் போன் செய்தார். "பெரிய வாரத்துல வந்துட்டு அங்க என்ன பண்றீங்க? எங்க ஊருக்கு வாங்க. வீணை கெடையாது. மணி இருக்கு." ஈஸ்டருக்கு முந்தின வாரத்தைத்தான் கிறிஸ்தவர்கள் பெரிய வாரம் என்கிறார்கள்.

தேவகோட்டையிலிருந்து சருகணி போகும் வழியில் உள்ளே ஒதுங்கிய ஊர். வற்றிய கண்மாய், அதில் ஆடு, கரையெல்லாம் சீமைக் கருவேலம். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று கோயில் பிள்ளை கேட்டுக்கொண்டார். காரணத்தைக் கீழே சொல்கிறேன், தப்பு என் மேல்தான்.

கோயில் பிள்ளை என்பது ஆள் பெயர் இல்லை, வேலையின் பெயர். கோயிலைத் திறப்பது, பூட்டுவது, பூசைக்கு எடுத்து வைப்பது, மணி அடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இவருக்கு அறுபது இருக்கும். அவருடைய அப்பாவும் இதே கயிற்றைத்தான் இழுத்தாராம்.

இந்தச் சீமையில் கிறிஸ்தவம் நேற்று வந்தது இல்லை. போர்த்துகல்லிலிருந்து வந்த சாமியார் அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) ஓரியூரில் வெட்டியது 1693இல். சருகணிக் கோயிலுக்கு மருது சகோதரர்கள் தேர் கொடுத்தார்கள் என்பதை இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1838இல் மதுரை மிஷனுக்குப் பிரெஞ்சு சேசு சபைச் சாமியார்கள் வந்தார்கள். இந்த ஊர்ப் பெரிய மணி அவர்கள் காலத்துச் சரக்கு என்பது அதைப் பார்த்தாலே தெரியும். விளிம்பைச் சுற்றி பிரெஞ்சு எழுத்துகள். வருஷா வருஷம் கோபுரத்துக்கு வெள்ளையடித்தவர்கள் மணியையும் விட்டுவைக்கவில்லை, பாதி எழுத்து சுண்ணாம்புக்குள் கிடக்கிறது. பிரான்சில் மணிக்கு ஞானஸ்நானம் போலவே ஒரு சடங்கு உண்டு, ஞானத்தகப்பன் ஞானத்தாய் பெயரையும் மணியில் பொறிப்பார்கள். சுண்ணாம்புக்கு அடியில் அப்படி யாரோ ஒரு தம்பதி இருக்கக்கூடும்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கு அந்த மணிதான் என்னை எழுப்பியது. அரை மணி கழித்து இன்னொரு முறை. முதல் மணிக்கு எழுந்து குளிக்க வேண்டும், இரண்டாம் மணிக்குச் சேலை கட்டியிருக்க வேண்டும், மூன்றாம் மணிக்குக் கோயிலுக்குள் இருக்க வேண்டும் என்று நண்பரின் அம்மா விளக்கினார். "மூணாவது மணிக்கு மேல வந்தா சாமியார் பாப்பாரு. ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பாப்பாரு."

கோபுரம் கோயிலை ஒட்டி ஒதுங்கி நிற்கிறது. இரண்டு தட்டுகளில் போட்ட ஓட்டை வழியாகக் கயிறு கீழே இறங்குகிறது. கையில் பிடிக்கும் இடத்தில் மூன்று முடிச்சு. அந்த ஒரு முழம் மட்டும் வியர்வையும் எண்ணெயும் ஏறி, புளிய மரத்து வேர் மாதிரி கறுத்துப் பளபளக்கிறது.

பதினொன்றரைக்கு நான் போனபோது கோயில் பிள்ளை படியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மணி பேசுவதை எனக்குச் சொல்லிக்கொடுத்தார். காலை, நண்பகல், மாலை என்று மூவேளைச் செபத்துக்கு மூன்று மூன்றாக மூன்று தடவை அடித்து, கடைசியில் ஒன்பது அடி. பூசைக்கும் திருவிழாவுக்கும் மணியையே ஊஞ்சல் மாதிரி ஆட்ட வேண்டும். மணி போய் வரும்போது நாக்கு இரண்டு பக்கமும் மோதி, டாண் டாண் என்று ஜோடியாக விழும். துக்கத்துக்கு மணியை ஆட்டக்கூடாது. ஒரு பக்கம் மட்டும் ஓர் அடி. அது முழுக்க அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் இன்னோர் அடி. பெரிய ஆளுக்குப் பெரிய மணி, குழந்தைக்குச் சின்ன மணி. "சின்ன மணி கேட்டா ஊர்ல அடுப்பு எரியாது" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இங்கிலாந்துப் பங்குக் கோயில்களிலும் இப்படி ஒரு சாவுக் கணக்கு இருந்தது: ஆணுக்கு மும்மூன்றாக மூன்று தடவை, பெண்ணுக்கு இரண்டிரண்டாக மூன்று தடவை, அப்புறம் வயதை எண்ணி அடிப்பார்கள். மற்ற நாளில் அவர்கள் மணியில் மெட்டே வாசிப்பதில்லை, கணக்குதான். ஆறு மணிகளை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, ஒரு வரிசை மறுபடி வராமல் 720 விதமாக மாற்றி மாற்றி அடிப்பார்கள். ஏழு மணி என்றால் 5040 வரிசை, ஏறக்குறைய மூன்று மணி நேரம். நம் மிருதங்கக்காரர்கள் யாராவது கேட்டால் ரசிப்பார்கள். கோயில் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "மூணு மணி நேரமா? அப்ப அந்த ஊர்ல யாரு செத்தான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

சரி, இப்போது என் கதை. ஒரு தடவை இழுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். பன்னிரண்டு அடிக்கப் பத்து நிமிஷம் இருந்தது. அவர் யோசித்தார், "ஆட்டி அடிங்க, பூச மணி மாதிரி. நேரத்துக்கு முந்துனாலும் யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். வெற்றிலை துப்ப வெளியே போனார்.

முழுப் பலத்தோடு இழுத்தேன். மேலே ஏதோ மெதுவாக அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி இழுத்தேன். டாண். ஒரே ஓர் அடி. மணியை ஊஞ்சலுக்குக் கொண்டுவர, அது திரும்பும் நேரம் பார்த்துச் சின்னச் சின்னதாக இழுத்துச் சேர்க்க வேண்டுமாம், பலத்தால் நடக்காதாம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கயிறு தானாக மேலே ஓடிக் கீழே வரும் வரை வாயைப் பிளந்து நின்றேன். இழுத்தேன். மறுபடி ஓர் அடி. நீண்ட இடைவெளி. மூன்றாவது அடி விழுந்தபோது கோயில் பிள்ளை வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்து கயிற்றைப் பிடுங்கினார்.

"என்ன காரியம் பண்ணீங்க?"

வெளியே வந்து பார்த்தால் தெருவில் ஏற்கனவே நாலு பெண்கள். ஒருத்தி கையில் கரண்டியோடு. நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் மண்வெட்டியோடு கண்மாய்க் கரையில் நின்று கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "யாரு?" என்று யாரும் கேட்கவில்லை. ஊரில் படுக்கையாகக் கிடந்தது ஒரே ஒருவர். பாதிக் கூட்டம் அவர் வீட்டை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டது. கோயில் பிள்ளை உள்ளே ஓடி மைக்கைப் போட்டு, "யாரும் இறக்கவில்லை, தவறுதலாக மணி அடித்துவிட்டது" என்று மூன்று தடவை அறிவித்தார். 'விருந்தாளி' என்று சொல்லாமல் விட்டாரே, அந்தப் பெருந்தன்மையை மறக்க மாட்டேன். ஆனாலும் அதற்குள் போன் பறந்துவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் லீவு சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கே போய்விட்டானாம். ஈஸ்டருக்கு எப்படியும் வரவேண்டியவன்தான் என்று நண்பர் எனக்குச் சமாதானம் சொன்னார்.

அன்று சாயங்காலம் பாடகர் குழுவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு உட்கார்ந்தேன். ஒரு கீபோர்டு, ஒரு ரிதம் பேட், மூலையில் துணி மூடிய பழைய ஆர்மோனியம். சபாக்காரர்கள் ஆர்மோனியத்தைப் படுத்திய பாடு கொஞ்சமா? அகில இந்திய வானொலி 1940இல் அதைத் தள்ளிவைத்து 1971 வரை சேர்க்கவில்லை. அந்தக் காலமெல்லாம் அது இந்த மாதிரிக் கோயில் மூலைகளில் மானத்தோடு வாசித்துக்கொண்டிருந்தது. கீபோர்டு வாசிக்கும் பையனிடம் மணியின் சுருதி என்ன என்று கேட்டேன். "அது எதுலயும் உக்காராதுண்ணே. நாலு கட்டைக்கும் நாலரைக்கும் நடுவுல கெடக்கு. மணி முழுசா அடங்குன பெறகுதான் நாங்க சுருதியே குடுப்போம்" என்றான்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஐரோப்பிய மணியில் அடி விழுந்ததும் கேட்கும் ஸ்வரத்தை ஷட்ஜம் என்று வைத்துக்கொண்டால், அதன் மேல் சாதாரண காந்தாரம் ஒட்டிக்கொண்டே ஒலிக்கும். அதைவிட அரைச்சுரம் மேலே இருக்கும் அந்தர காந்தாரம் இல்லை. ஐந்தில் நாலு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம், அந்த வடிவம், எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை. கல்யாணத்துக்கு அடித்தாலும் கொஞ்சம் சோகம் ஒட்டியிருப்பது அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்களுக்கு இன்னைக்கு அப்படித்தான் கேக்கும்" என்றான்.

பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் தொடங்கியதும் பெரிய மணி, சின்ன மணி, பீடத்தில் பூசை உதவிச் சிறுவர்களின் கைமணி எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பாட்டு முடியும் வரை ஓயவில்லை. கோபுரக் கதவு வழியாகக் கோயில் பிள்ளை தெரிந்தார். கயிறு மேலே போகும்போது குதிகால் தரையை விட்டு எழுந்தது, கீழே வரும்போது முழங்கால் மடங்கியது. அவர் இழுக்கவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கயிறு வரும்போது அதைக் கீழே வழியனுப்பிவைத்தார், அவ்வளவுதான்.

அப்புறம் நின்றது. இனி சனி இரவு இதே கீதம் வரும் வரை மணி கிடையாது. மணி ரோமாபுரிக்குப் போயிருக்கிறது என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்கள். இது பிரான்சில் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை. மணியோடு சேர்ந்து கப்பலேறி வந்திருக்க வேண்டும். சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டும் எழுந்தேற்ற நேரத்தில் கைமணிக்குப் பதில் ஒரு சிறுவன் மரப்பலகையில் மரச்சுத்தியால் தட்டினான். டக், டக், டக். தச்சுப் பட்டறைச் சத்தம்.

வெள்ளிக்கிழமை கீபோர்டையும் மூடிவிட்டார்கள். ஐந்தாறு கிழவிகள் தரையில் உட்கார்ந்து வியாகுலப் பாட்டுப் பாடினார்கள். புத்தகம் இல்லை, சுருதி இல்லை. ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் ஒரு சொல் பின்தங்கிப் பிடித்தார்கள். வரி முடியும் இடத்தில் குரல் ஒப்பாரியைப் போலவே சறுக்கி இறங்கியது. மாதா மகனை மடியில் வைத்து அழும் இடத்தில், பாடுகிறவர்கள் யாருக்காக அழுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. போனில் பதிவு செய்யலாம் என்று எடுத்தேன், உள்ளே வைத்துவிட்டேன். என் கை ஏற்கனவே ஒரு வேலை செய்திருந்தது.

சனிக்கிழமை கிளம்ப வேண்டும். அதற்கு முன்னால் அந்தப் பெரியவரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் கோயில் பிள்ளை. கேட்டுக்கொண்டார் என்று சொல்ல முடியாது, உத்தரவுதான்.

ஓட்டு வீடு. திண்ணையை ஒட்டிய அறையில் கயிற்றுக் கட்டில். ஆள் மெலிந்து கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தார், ஆனால் கண் கூர்மையாக இருந்தது. நாற்பது வருஷம் அந்த மூலை ஆர்மோனியத்தை வாசித்தவர் இவர்தான் என்பது எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது. திருப்பூர்ப் பேரன் வாசலில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"மன்னிச்சிருங்க ஐயா" என்று ஆரம்பித்தேன்.

"நீங்கதானாப்பு அது? உக்காருங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "மணி சத்தம் கேட்டுச்சு. யாருக்குன்னு யோசிச்சேன். இவுங்க எல்லாரும் ஓடியாந்து என் மூஞ்சியப் பாத்தாங்க. அப்பத்தான் வெளங்குச்சு, எனக்குத்தான்னு."

என்ன சொல்வதென்று தெரியாமல் கட்டில் கயிற்றைப் பார்த்தேன்.

"மூணு அடியில ஏன் நிறுத்துனீங்க? முழுசா அடிச்சிருக்கலாம்ல. அடுத்த தடவ அடிக்கிறப்ப நான் கேக்க முடியாதே."

"வாய மூடுங்க மாமா, பெரிய சனி அதுவுமா" என்று மருமகள் உள்ளேயிருந்து அதட்டினார். காபி வந்தது, கூடவே ஒரு தட்டில் கந்தரப்பம். தவக்காலம் முடியவில்லையே என்று நான் தயங்கியபோது, "நீங்க என்ன நோன்பா இருக்கீங்க, சாப்புடுங்க" என்றார் பெரியவர்.

வெளியே வந்து செருப்பைப் போட்டபோது போனில் பதினொன்று ஐம்பத்தெட்டு. பழக்கதோஷத்தில் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பன்னிரண்டும் ஆனது. எங்கோ ஒரு ஆடு கத்தியது. தேவகோட்டை பஸ் வரும் திசையில் நடந்தேன்.