இரண்டு ஆர்சி, ஒரு ஆப்-ஆம்ப்: சில நாள் குறிப்புகள்

பிப்ரவரி 3

குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி இன்று சிமுலேஷன் வரைபடத்தோடு வந்து நின்றான். "அண்ணா, கட்ஆஃப் 1.59 கிலோஹெர்ட்ஸ் என்று கணக்கு வருகிறது. ஆனால் அங்கே எதுவுமே வெட்டுப்படலையே?"

1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 100 நானோஃபாரட் கெபாசிட்டர், சாதாரண ஆர்சி லோ-பாஸ் (தாழ்ந்த அதிர்வெண்களை மட்டும் விடும் ஃபில்டர்). கணக்கு சரிதான். கட்ஆஃப் என்பது வெட்டு ஆரம்பிக்கும் இடம்தான்; அந்த அதிர்வெண்ணில் வெளியீடு 0.707 மடங்கு, அதாவது 3 டெசிபல் குறைவு. வெளியீட்டு அலையின் ஃபேஸ் உள்ளீட்டைவிட 45 டிகிரி பின்தங்கும். அதற்கப்புறம் அதிர்வெண் பத்து மடங்கு ஏற ஏற 20 டெசிபல் இறங்கும், அவ்வளவுதான். 15.9 கிலோஹெர்ட்ஸில்கூடப் பத்தில் ஒரு பங்கு சிக்னல் மிச்சமிருக்கும்.

பிப்ரவரி 5

"அப்போ இரண்டு ஃபில்டரை அடுத்தடுத்துப் போட்டால்?" போட்டுப் பார்த்திருக்கிறான். 1.59 கிலோஹெர்ட்ஸில் 3 கூட்டல் 3, ஆறு டெசிபல் குறையும் என்று எதிர்பார்த்தால், எல்டிஸ்பைஸ் (சிமுலேஷன் மென்பொருள்) 9.5 காட்டுகிறது. நல்ல கேள்வி. இதற்குத் தாள் எடுத்தே ஆக வேண்டும்.

இரண்டு கட்டங்களையும் தனித்தனியாகப் பெருக்கினால் வெளியீடு/உள்ளீடு விகிதத்தின் பகுதியில் (கீழே) வருவது 1 + 2sRC + (sRC)²; s அதிர்வெண்ணைக் குறிக்கும். சர்க்யூட்டை நேராக எழுதினால் நடுவில் 2-க்குப் பதில் 3 நிற்கும். அந்தக் கூடுதல் ஒன்று எங்கிருந்து வந்தது? முதல் ரெசிஸ்டரும் இரண்டாவது கெபாசிட்டரும் சேர்ந்து கொடுத்தது. இரண்டாவது கெபாசிட்டருக்குப் போகிற மின்னோட்டமும் முதல் ரெசிஸ்டர் வழியாகத்தானே போக வேண்டும்! கட்ஆஃபில் 1-உம் வர்க்கமும் (அங்கே அது -1) ஒன்றையொன்று அடித்துவிடும்; மிஞ்சுவது 3. மூன்றில் ஒரு பங்கு என்றால் 9.5 டெசிபல்.

3 டெசிபல் புள்ளியும் கிட்டத்தட்ட 595 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. நடுவில் பஃபர் (முன்கட்டத்திலிருந்து மின்னோட்டம் இழுக்காமல் சிக்னலைக் கடத்துவது) வைத்தால் 1.02 கிலோஹெர்ட்ஸ். பஃபர் வைக்க மனமில்லையா, இரண்டாவது கட்டத்தை 10 கிலோ ஓம், 10 நானோஃபாரட் ஆக்கினால் போதும்: 3 போய் 2.1 ஆகும், இழப்பு 6.4 டெசிபல்.

பிப்ரவரி 6

சின்ன விஷயம், ஆனால் பலரைக் கவிழ்த்தது. ஸ்பைஸில் (எல்டிஸ்பைஸின் மூதாதை) எண்ணுக்குப் பின்னால் 'எம்' போட்டால் மில்லி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் அதற்குக் கிடையாது. மெகா ஓம் வேண்டுமென்றால் 'மெக்' என்று எழுத வேண்டும். 1973-இலிருந்து வரும் பரம்பரைச் சொத்து.

பிப்ரவரி 9

அடுத்து ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிப்) சர்க்யூட், ஆயிரம் மடங்கு பெருக்கம். ஏசி அனாலிசிஸில் (ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் பெருக்கத்தைக் கணக்கிடுவது) 1 வோல்ட் கொடுத்தால் வெளியீடு 1000 வோல்ட். சப்ளையோ ±15 வோல்ட். தம்பி சிரித்துக்கொண்டே காட்டினான்.

ஏசி அனாலிசிஸ் முதலில் டிசி இயங்குபுள்ளியை (சிக்னல் இல்லாதபோது சர்க்யூட் நிற்கும் நிலையை) கண்டுபிடிக்கும்; பிறகு அந்தப் புள்ளியைச் சுற்றி எல்லாவற்றையும் நேர்கோடாக்கிவிடும். அதற்கப்புறம் அதன் கணக்கில் சப்ளைக்கு வேலையே இல்லை. உள்ளே கொடுக்கும் 1 வோல்ட் விகிதம் படிக்க வசதிக்காக வைக்கிற எண். ஒரு மைக்ரோவோல்ட் கொடுத்தாலும் பெருக்கம் அதேதான். சப்ளையைத் தாண்டும் அலை வெட்டுப்படுவதைப் பார்க்க டிரான்சியன்ட் (நேரத்தோடு சிக்னல் மாறுவதைக் காட்டும் கணக்கு) ஓட்ட வேண்டும். அதிலும் தொடக்கத்தை நம்பக் கூடாது: முதலில் பார்த்த ஆர்சிக்கு டைம் கான்ஸ்டன்ட் (R பெருக்கல் C) 100 மைக்ரோவினாடி, அரை மில்லிவினாடி கழிந்தபிறகு அளப்பதே நல்லது.

பிப்ரவரி 13

சாலன்-கீ ஃபில்டருக்கு (இரண்டு ஆர்சி, ஒரு ஆப்-ஆம்ப்) வந்தாயிற்று. 1955-இல் வந்த வடிவம், இன்னும் எல்லா இடத்திலும் ஓடுகிறது. பெருக்கம் ஒன்று, ரெசிஸ்டர்கள் சமம், பின்னூட்டக் கெபாசிட்டர் மற்றதைப் போல இரு மடங்கு: பட்டர்வொர்த் (கட்ஆஃப் வரை மேடில்லாத, தட்டையான வளைவு) கிடைத்துவிடும்.

ஐடியல் ஆப்-ஆம்ப் வைத்தால் வளைவு கீழே போய்க்கொண்டே இருக்கிறது. நிஜ ஆப்-ஆம்ப் மாடலை வைத்தால் உயர் அதிர்வெண்ணில் மறுபடி மேலே ஏறுகிறது. அங்கே ஆப்-ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸ் (ஏசி மின்னோட்டத்துக்கான தடை) கூடிவிடுவதால், உள்ளே வரும் சிக்னல் பின்னூட்டக் கெபாசிட்டர் வழியாக நேராக வெளியே போய்விடுகிறது. பின்னால் ஒரு சாதாரண ஆர்சி போட்டால் அடங்கும். அதைப் போட்டுவிட்டு ஏற்றம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.