அன்றன்றைக்கு வேண்டியது

பைபிளில் யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்திலேயே மனது நிற்கிறது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவு, மன்னா. ஆளுக்கு ஒரு ஓமர் (அந்தக் கால அளவு) எடுங்கள், விடியும்வரை மீதி வைக்காதீர்கள் என்பது கட்டளை. சிலர் கேட்கவில்லை, எடுத்து வைத்தது பூச்சி பிடித்து நாறியது. ஆனால் ஆறாம் நாளில் இரண்டு பங்கு சேர்க்கச் சொன்னதும் அவர்தான், அது கெடவே இல்லை! அதனால் சேமிப்பே விசுவாசக் குறைவு என்று பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நாளைக்கு அவர் தரமாட்டாரோ என்ற பயம்தான் அங்கே நாறியது என்று நினைக்கிறேன்.

நீதிமொழிகள் 30-இல் ஆகூர் என்பவரின் ஜெபம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வறுமையும் வேண்டாம், செல்வமும் வேண்டாம், என் படியை அளந்து தாரும் என்கிறார். வயிறு நிறைந்தால் உம்மை மறந்துவிடுவேனோ, இல்லாமையில் திருடிவிடுவேனோ என்று தன்னை அறிந்து கேட்கிற ஜெபம் அது. மாதக் கடைசியில் கணக்குப் பார்க்கும்போதெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொன்று. மிகுதியாகச் சேர்த்தவனுக்கு மிஞ்சவுமில்லை, கொஞ்சமாகச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை என்ற மன்னா வசனத்தை அப்போஸ்தலன் பவுல் 2 கொரிந்தியர் 8-இல் எடுத்துச் சொல்கிறார். எதற்காக? கஷ்டத்தில் இருந்த எருசலேம் விசுவாசிகளுக்குக் காணிக்கை சேர்ப்பதற்காக. எளிமையைப் பற்றிப் பேசும்போது இந்தப் பாதியை நாம் ஏன் விட்டுவிடுகிறோம்?

இந்த மாதம் யாருக்காவது இழுபறியாக இருந்தால் தயங்காமல் இன்பாக்ஸில் எழுதுங்கள். சேர்ந்து ஜெபிப்போம், முடிந்ததைச் செய்வோம்.