ஓகே

ஏ, டி, என்டர்.

ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் வந்தது: ஓகே.

பரணில் கிடந்த பழைய டயல்-அப் மோடம்; டெலிபோன் லைன் வழியே கம்ப்யூட்டரை இணைக்கும் பெட்டி. தூக்கிப் போடும் முன் பார்த்துவிடலாம் என்று சீரியல் கேபிளால் கம்ப்யூட்டரில் மாட்டினேன். கூப்பிட்டதும் பதில் சொல்லிவிட்டது!

‘ஏடி’ என்றால் அட்டென்ஷன். 1981இல் ஹேய்ஸ் நிறுவனம் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம் தொடங்கிவைத்த வழக்கம். கூடவே ‘டிடி’ சேர்த்து எண்ணைத் தட்டினால் டயல் செய்யும். நடுவில் ஒரு காற்புள்ளி வைத்தால் இரண்டு நொடி நின்று மூச்சு வாங்கிக்கொள்ளும். ‘எம்0’ என்றால் ஸ்பீக்கர் வாயை மூடும். ராத்திரியில், இணைப்பு கிடைக்கும்போது வரும் அந்தக் கீச்சொலிக்கு வீடே எழுந்துவிடும் என்பதால் எனக்கு முதலில் மனப்பாடமானது இதுதான்.

ஆனால் பிடித்தது +++ தான்.

இணைப்பில் இருக்கும்போது நாம் அடிப்பதெல்லாம் மறுமுனைக்குப் போய்விடும். மோடமிடம் மட்டும் பேச வேண்டுமென்றால்?

ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும். மூன்று கூட்டல் குறி. இன்னொரு நொடி சும்மா. அப்போதுதான் தன்னிடம் பேசுகிறார்கள் என்று அதற்குப் புரியும். பிறகு ‘ஏடிஎச்’ என்றால் லைனைத் துண்டிக்கும், ‘ஏடிஓ’ என்றால் விட்ட இடத்துக்கே திரும்பும்.

மௌனத்தையும் கட்டளையில் சேர்த்த இந்த யோசனை, ஹேய்ஸ் நிறுவனத்தின் இணை நிறுவனர் டேல் ஹெதரிங்டனுடையது. காப்புரிமையே பெற்றார்கள்.

இன்றைய 4ஜி மோடம்களும் ‘ஏடி’ என்றால் ஓகே சொல்கின்றன.

பழசைத் தூசி தட்டி மறுபடி பரணிலேயே ஏற்றிவிட்டேன்.