ஆயிரம் ரூபாய் அபராதமும் என் கனடா பி.ஆரும்

2011ல் சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் ஒரு தள்ளுமுள்ளு. எனக்கு அப்போது 22 வயது. ஒருவரை அடித்துவிட்டேன், அவருக்கு உதடு கிழிந்தது. எஃப்.ஐ.ஆரில் மூன்று பிரிவுகள் போட்டார்கள், தீர்ப்பில் நின்றது இ.பி.கோ. 323, அதாவது அடித்துக் காயப்படுத்தியது மட்டும். "கேஸ் நடத்தினா வருஷக்கணக்குல இழுக்கும் தம்பி, ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிடு" என்றார்கள். 2012 நவம்பரில் ஆயிரம் ரூபாய் கட்டினேன். அத்தோடு முடிந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

முடியவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவதும் தண்டனைதான். 2024ல் கனடா பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) விண்ணப்பத்தில் 'எந்த நாட்டிலாவது தண்டனை பெற்றதுண்டா' என்ற கேள்வியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்த ஏஜென்ட், "இல்லைன்னு போடுங்க சார், பிசிசி கிளியரா வந்துடும்" என்றார். பிசிசி, அதாவது போலீஸ் நன்னடத்தைச் சான்று, வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் கனடாக்காரர்கள் கேட்பது பிசிசியில் என்ன இருக்கிறது என்றல்ல, எனக்கு என்ன நடந்தது என்று. மறைத்தது தெரிந்தால் தவறான தகவல் கொடுத்த குற்றத்துக்கு 5 வருஷம் நாட்டுக்குள் விடமாட்டார்கள். பழைய அடிதடியைவிட அந்தப் பொய்தான் பெரிய ஆபத்து.

இந்தியாவில் என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதைக் கனடா முதலில் பார்ப்பதில்லை. அதே செயலை அங்கே செய்திருந்தால் எந்தக் குற்றம், அதிகபட்சத் தண்டனை எவ்வளவு என்றுதான் ஒப்பிடுவார்கள். 323க்கு நம் ஊரில் அப்போது அதிகபட்சம் ஒரு வருஷம். அங்கே சாதாரண அடிதடிக்கு 5 வருஷம் வரை போகலாம், எனவே என்னைத் தகுதியற்றவன் என்று சொல்ல அதுவே போதும். என்னைக் காப்பாற்றியது காலம். 10 வருஷத்துக்குக் குறைவான தண்டனை உள்ள ஒரே ஒரு குற்றம், தண்டனை முடிந்து 10 வருஷம், இடையில் வேறு வழக்கு இல்லை என்றால், திருந்தியவராகவே கருதலாம் என்று அவர்கள் சட்டம் சொல்கிறது. அபராதம் கட்டிய நாளிலிருந்து எண்ணினால் 2022 நவம்பரில் எனக்கு அது நிறைவாகிவிட்டது.

ஆனால் அதை நான் காட்ட வேண்டுமே. அஸ்தம்பட்டி கோர்ட்டில் நகல் மனு போட்டேன். வழக்கு எண் கையில் இல்லை. அம்மாவின் பீரோவில் ரேஷன் கார்டுக்கு அடியில் இருந்த சம்மனில்தான் அது கிடைத்தது. மூன்று தடவை அலைந்தபிறகு ரெக்கார்டு ரூமில் ஒரு பெரியவர் சிவப்புத் துணிக் கட்டை அவிழ்த்து, தூசியைத் தட்டி, விரலில் எச்சில் தொட்டு ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். "இதுதான் தம்பி" என்று நீட்டினார். ஒன்றரைப் பக்கம். 'எதிரி' (கோர்ட் பாஷையில் குற்றம் சாட்டப்பட்டவர்) என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் என் பேரும் அப்பா பேரும். அப்பா அதைப் பார்க்க இல்லை என்பது அந்த நிமிஷத்தில் ஆறுதலாக இருந்தது.

சான்றிட்ட தீர்ப்பு நகல், அபராத ரசீது, இரண்டுக்கும் அஃபிடவிட்டோடு ஆங்கில மொழிபெயர்ப்பு, நடந்ததை மறைக்காமல் எழுதிய ஒரு பக்கக் கடிதம். எல்லாவற்றையும் விண்ணப்பத்தோடே சேர்த்தேன். சில மாதம் கழித்து எஃப்.ஐ.ஆர். நகலும் கேட்டார்கள், கொடுத்தேன். பி.ஆர். கிடைத்தது.

இப்போது ஏற்காட்டில் இருக்கும் என் சித்தப்பா பையனுக்குக் கவலை. 2021ல் மலைப்பாதையில் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, அபராதம் கட்டியவன். குடித்து ஓட்டுவதற்கான அதிகபட்சத் தண்டனையைக் கனடா 2018 டிசம்பர் 18 முதல் 10 வருஷமாக்கிவிட்டது. அதனால் எனக்குத் தானாகத் திறந்த கதவு அவனுக்குத் திறக்காது. தண்டனை முடிந்து 5 வருஷம் ஆனபிறகு தனியாக மனுப் போட்டு, மறுவாழ்வு ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரே ஒரு விஷயம் பாக்கி. நம் சட்டத்தில் 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம், அங்கே அந்த அளவு 80. ஊதிப் பார்க்கும் மீட்டரில் அவனுக்கு எவ்வளவு காட்டியது என்று அவனுக்கே நினைவில்லை. திங்கட்கிழமை இரண்டு பேரும் நகல் மனு போடப் போகிறோம்.