டி என்றால் டீ இல்லை

ஏப்ரல் 1 ராத்திரி விருந்து என்றபோதே நம்ம 4பி வீட்டுக்காரர் உஷாராகியிருக்கணும். ரெண்டு மாடி கீழே 2ஏ வீட்டில் யூதர்களின் பெசாக் பண்டிகையின் முதல் செடர், அதாவது சடங்கோடு நடக்கும் ராத்திரி விருந்து. "ஒண்ணும் கொண்டு வராதீங்க" என்று அந்த அம்மா சொன்னதை, உலகத்தில் எந்த விருந்தாளியும் எடுத்துக்கொள்கிற மாதிரிதான் அவரும் எடுத்துக்கொண்டார். நாலு சாமான் கட்டினார்.

வாசலிலேயே காலிங்பெல்லை மூணு அழுத்து. பண்டிகை நாளில் ஆசாரமான வீட்டில் மின்சாரத்தைத் தொடமாட்டார்கள், கதவைத் தட்டினால் போதும். அது சின்ன விஷயம், விடுங்க.

முதலில் வெளியே வந்தது விஸ்கி, 12 வருஷப் பழசு. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட், இந்த அஞ்சில் எது புளித்தாலும் அது ஹமேட்ஸ். பெசாக் முடிகிறவரை அதைச் சாப்பிடக் கூடாது என்பது மட்டுமில்லை, யூதர் கையில் சொந்தமாக இருக்கவே கூடாது. மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிஷத்துக்குள் வெந்து முடியாவிட்டால், பெசாக்கின் புளிக்காத மட்ஸா ரொட்டியே தள்ளுபடி. இவர் கொண்டுபோனது 12 வருஷம் ஊறிய பார்லி.

அடுத்தது கேக். இதில் மனுஷருக்குத் தனிப் பெருமை, ஏனென்றால் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓ-வுக்குள் யூ போட்ட கோஷர் முத்திரையை, அதாவது யூத உணவு விதிப்படி ஆகும் என்கிற அடையாளத்தைக் கண்டுபிடித்துத்தான் வாங்கினார். முத்திரைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு டி இருந்தது. டி என்றால் டீயோடு சாப்பிடுவது இல்லை, பால் சேர்ந்தது. மேஜையில் மாட்டிறைச்சி இருக்கும்போது பால் அந்தப் பக்கமே வரக்கூடாது. மைதா வேறு. ஒரே டப்பாவில் ரெண்டு குற்றம்! பார்க்கவேண்டியது முத்திரைக்குப் பக்கத்தில் பி என்ற எழுத்து, அதுதான் பெசாக்குக்கு ஆகும் என்கிற அடையாளம். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவாக இருந்தால் ஒரு பாட்டில் தேனோடு தப்பித்திருக்கலாம்.

அந்த பி போட்ட ஒயின் வாங்கியிருந்தால் ராஜ மரியாதை. தலைக்கு நாலு கோப்பை குடிக்கிற ராத்திரி, எத்தனை பாட்டில் போனாலும் காணாது. அதிலும் 'மெவுஷால்', அதாவது சூடுகாட்டியது என்று போட்டிருந்தால் நல்லது. இல்லாவிட்டால், உதவி செய்கிறேன் பேர்வழி என்று யூதரல்லாத விருந்தாளி எழுந்து ஊற்றினால், அந்த பாட்டிலையே ஒதுக்கிவிடுவார்கள்.

மூணாவது கண்ணாடிக் கிண்ணம். இதில் என்ன வம்பு வரும் என்கிறீர்களா? புதுக் கண்ணாடி, உலோகப் பாத்திரங்களை மிக்வே என்ற சடங்குக் குளத்தில் முக்கி எடுத்த பிறகுதான் புழங்குவார்கள். முக்குவதற்கு முன்னால் விலைச் சீட்டுப் பசை பொட்டுக்கூட ஒட்டியிருக்கக் கூடாது, தண்ணீர் எல்லா இடத்திலும் படவேண்டும். எவர்சில்வர் டம்ளரில் ஸ்டிக்கர் உரித்தவர்களுக்கு இந்த வேதனை புரியும். கிண்ணம் அலமாரிக்குப் போனது. விஸ்கியும் கேக்கும் வந்த வழியே மாடியேறின. 4பி யூதர் இல்லை, அவர் வீட்டில் அவை தாராளமாக இருக்கலாம்.

மிச்சம் நாலாவது பை. ஓட்டோடு ஒரு கிலோ வால்நட். கிளம்புகிற நேரத்தில் அவர் மனைவி கையில் திணித்தது. ஓடு உடைக்காத, வறுக்காத, உப்புப் போடாத கொட்டை, யாருக்கும் ஆட்சேபம் இல்லை. செடரில் வாசிக்கும் ஹகாதா புத்தகத்தை வாசித்து சாப்பாடு வர நேரமாகும், பிள்ளைகள் தூங்கி விழும். தூங்காமல் கேள்வி கேட்கட்டும் என்று ரப்பி அகிவா பெசாக் மாலையில் பிள்ளைகளுக்குக் கொட்டை கொடுப்பாராம், யூதர்களின் பழைய சட்ட நூலான தால்முத்தில் இருக்கிறது. 2ஏ பிள்ளைகள் மேஜைக்கு அடியில் வால்நட்டை கோலி மாதிரி உருட்டி விளையாடிய சத்தத்தில் பெரியவர்களும் தூங்கவில்லை.

இஸ்ரேலுக்கு வெளியே மறுநாளும் செடர் உண்டு. 4பி இந்தத் தடவை வெறுங்கையோடு போய்க் கதவைத் தட்டினார். திறந்த கடைக்குட்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டுப் பையைத்தான் பார்த்தாள்.